அந்த அரண்மனையை யார் கூட்டுறாக?

மாயாஜாலக் கதையோ காதல் கதையோ, அதில் பெரிய வீடு ஒன்று வந்துவிட்டால் என் புத்தி கதாநாயகனை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்கப் போய்விடும். நூறு அறை என்று எழுதிவிடுகிறார்கள். நூறு அறைக்கும் ஒட்டடை உண்டே. மாடிப்படிக் கைப்பிடியில் தூசி படியுமே. அதையெல்லாம் யார் துடைக்கிறார்கள்? இதற்குப் பதில் வைத்திருக்கிற நாவல் நல்ல நாவல், வைத்திராதது எத்தனை லட்சம் விற்றாலும் எனக்குப் பாதி நாவல்தான் என்று ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு இந்த மழைக்காலம் முழுக்கப் படித்தேன். அநியாயமான அளவுகோல் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

இது எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் எனக்கு. அம்மா அங்கே ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். முகப்பு, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் முடிகிற வீடு. பங்காளிகள் எல்லாரும் சென்னை, கோலாலம்பூர், இன்னும் எங்கெங்கோ. கல்யாணம், அறுபது எண்பது சாந்தி, முன்னோருக்குப் படைக்கிற படைப்பு என்றால் மட்டும் வருவார்கள். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் நடமாடுவது அம்மாவும் அணில்களும்தான்.

வீடு திறப்பது என்பதே தனி வேலை. ஆட்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் தொடங்கும். முதலில் மாடி. வௌவால் புழுக்கையை நனைத்துத்தான் அள்ள வேண்டும், காய்ந்தபடி பெருக்கினால் நெஞ்சுக்கு ஆகாது. அப்புறம் வளவு. நடுமுற்றம் வானம் பார்த்தது என்பதால் மழையோடு வேப்பிலையும் விழுந்து, தண்ணீர் போகிற துளையை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதைக் குச்சியால் குத்தக் கூடாது, கையை விட்டு எடுக்க வேண்டும். தேக்குத் தூணுக்கு உலர்ந்த துணி. ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கு ஆசிட் ஆகவே ஆகாது. தண்ணீர் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு துணியில் துளி தேங்காய் எண்ணெய் விட்டு ஓட்ட வேண்டும். நடக்க நடக்கத்தான் அந்தக் கல்லுக்கு மினுக்கம் வரும். ஆள் புழங்காத வீட்டில் அந்த மினுக்கத்தைக் கொடுப்பது அம்மாவின் முழங்கால். வருகிறவர்கள் முகப்பில் நின்று, "அப்படியே இருக்கு பாருங்க, அந்தக் காலத்துச் சாமான்" என்பார்கள். அப்படியே ஒன்றும் இருந்துவிடவில்லை.

இந்தக் கண்ணோடு படித்ததில் முதலில் மனசுக்குப் பிடித்தது டயானா வின் ஜோன்ஸ் எழுதிய 'ஹவுல்ஸ் மூவிங் கேசில்'. 1986இல் வந்த புத்தகம். ஜப்பானிய அனிமேஷன் படமாக 2004இல் வந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். படத்தில் போர், குண்டு, வானத்தில் பறக்கும் கப்பல் எல்லாம் பெரிசாக இருக்கும். புத்தகத்தில் பெரிசாக இருப்பது துடைப்பம்.

சோஃபி தொப்பிக் கடை வீட்டு மூத்த பெண். மூன்று பெண்களில் மூத்தவளுக்கு எதுவும் விளங்காது என்பது அந்த ஊர்க் கதைகளின் விதி. அவளும் அதை நம்பிக்கொண்டு கடையின் பின்கட்டில் உட்கார்ந்து தொப்பி தைக்கிறாள். சூனியக்காரி ஒருத்தி சாபம் போட்டுக் கிழவியாக்கிவிடுகிறாள். கிழவியானதும் இவளுக்கு வருகிற தைரியம் இருக்கிறதே! ஹவுல் என்கிற மந்திரவாதியின் நகர்ந்துகொண்டிருக்கிற கோட்டைக்குள் நுழைந்து, அடுப்பங்கரை நாற்காலியில் உட்கார்ந்து, மறுநாள் காலையில் தன்னை அந்த வீட்டு வேலைக்காரியாகத் தானே நியமித்துக்கொள்கிறாள். வேலை கொடு என்று கேட்கவே இல்லை. இந்த வீடு இருக்கிற லட்சணத்துக்கு ஓர் ஆள் வேண்டாமா என்கிறாள்.

அப்புறம் கூட்டுகிறாள் பாருங்கள். அடுப்பில் குடியிருக்கிற நெருப்புப் பூதத்திலிருந்து ஹவுல் வரைக்கும் அந்த வீட்டில் ஒருவரும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஹவுல் ஒரே ஒரு கட்டளை போடுகிறான்: சிலந்திகளைக் கொல்லக் கூடாது. இதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப ஒட்டடையை யாரு அடிக்கிறது?" என்றார். நானும் அதைத்தான் யோசித்தேன். குளியலறை அலமாரியில் இருக்கிற பொட்டலங்களைச் சோஃபி துடைத்து அடுக்கும்போது இடம் மாறிவிடுகிறது. இரண்டு மணி நேரம் குளியலறையில் இருந்து அலங்காரம் பண்ணுகிற ஹவுல் தலைமுடி நிறம் மாறி வெளியே வருகிறான். உலகமே அழிந்துவிட்ட மாதிரி கத்தி, உடம்பெல்லாம் பச்சைக் கூழாக ஒழுகவிட்டுத் துக்கம் கொண்டாடுகிறான். அந்தக் கூழையும் சோஃபிதான் வழித்துத் துடைக்கிறாள். காதல் கதையில் கதாநாயகனின் துக்கத்தை வாளியில் அள்ளிக் கொட்டுகிற கதாநாயகியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதில் இன்னொன்று உண்டு. சோஃபிக்கே தெரியாமல் அவளிடம் ஒரு மந்திரம் இருக்கிறது. எந்தப் பொருளிடம் பேசினாலும் அதற்கு உயிர்ப்பு வந்துவிடும். தொப்பியிடம் பேசுவாள், கைத்தடியிடம் பேசுவாள், பாதி திட்டு. தனியாக வேலை செய்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான் இது. அம்மா அந்தப் பெரிய வீட்டின் பெட்டகசாலைக் கதவைப் பேர் சொல்லாத குறையாகத் திட்டித்தான் திறப்பார். மழைக்காலத்தில் மரம் உப்பிக்கொள்ளும். "வாரேன்னு தெரியுமுல்ல, வழி விடு" என்பார். விடும். இதை மந்திரம் என்று எழுதுவதற்கு வீட்டு வேலையைக் கீழாக நினைக்காத கை வேண்டும். ஜோன்ஸுக்கு அது இருந்திருக்கிறது. ஹவுலும் சோஃபியும் கடைசியில் சேர்வதுகூட எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. அந்தக் கோட்டைக்குள் இரண்டு பேருக்கும் சண்டை போடப் பொதுவான விஷயங்கள் இருக்கின்றன, அது போதும்.

அலுவலகத்தில் என்னைவிட இளைய பெண் ஒருத்தி இருக்கிறாள். மாயாஜாலமும் காதலும் கலந்த ரொமான்டஸி என்றால் உயிர். செல்போன் முழுக்க டிராகனும் இறக்கை முளைத்த ஆண்களும். அவள் வற்புறுத்தித்தான் சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' படித்தேன். 2015இல் வந்தது. பட்டினியில் கிடக்கிற குடும்பத்தைக் காட்டில் வேட்டையாடிக் காப்பாற்றுகிற பெண் ஃபேரா. ஓநாய் ஒன்றைக் கொல்கிறாள். அது சாதாரண ஓநாய் இல்லை. அதற்குப் பரிகாரமாக, மிருக உருவத்தில் வந்து ஒருவன் அவளைத் தன் மாளிகைக்குக் கூட்டிப்போகிறான். முதல் அத்தியாயங்கள் நன்றாகவே இருக்கின்றன. பசியைப் பற்றி எழுதியிருப்பதை நம்ப முடிகிறது. கூட்டிப்போகிற வரைக்கும் ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்கு இருந்த கதையில், மாளிகைக்குள் போனதும் கணக்கே இல்லாமல் போய்விடுகிறது. மேஜையில் சாப்பாடு வந்தபடி இருக்கிறது. உடுப்பு வந்தபடி இருக்கிறது. அவளுக்குத் துணையாக ஒரே ஒரு பணிப்பெண் கண்ணில் படுகிறாள். இத்தனை பெரிய மாளிகையில் மற்றவர்கள் எங்கே என்று நான் கேட்டுக்கொண்டே போக, பிறகு தெரிகிறது: நிறையப் பேர் அந்த வீட்டில் நடமாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவள் கண்ணுக்குப் படாமல் மாயத்தால் மறைத்து வைத்திருக்கிறான் வீட்டுக்காரன்.

அந்த இடத்தில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எழுத்தாளர் இதைக் காதலின் மர்மமாக வைத்திருக்கிறார். எனக்கு இது மர்மமாகப் படவில்லை, நடைமுறையாகத்தான் பட்டது. கல்யாண வீட்டில் வளவுத் தாழ்வாரத்தில் நின்று படம் எடுக்கும்போது, "ஆத்தா, செத்த நேரம் அந்தப் பக்கம் போயிருங்க" என்று அம்மாவிடம் சொல்வார்கள். அதற்கு மாயம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"அக்கா, முதல் பாகத்தை மட்டும் வச்சுச் சொல்லாதீங்க" என்று சண்டைக்கு வந்தாள் அந்தப் பெண். "ரெண்டாவது பாகத்துல அதே வீட்டுலதான் அவன் அவளைப் பூட்டி வைப்பான். அப்பத்தான் அவளுக்கு அவன் யாருன்னே தெரியும்." அது நியாயமான வாதம், ஒத்துக்கொள்கிறேன். பாதுகாப்பு என்ற பேரில் வெளியே போக முடியாமல் அடைக்கப்படுகிற பகுதிதான் 2016இல் வந்த அந்த இரண்டாம் பாகத்தில் எனக்கும் பிடித்தது. ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. 2021இல் வந்த பிந்தைய புத்தகத்தில் வீடே உயிருள்ள வீடு, கேட்டால் சாப்பாடு கொண்டுவரும், படிக்கக் காதல் நாவல்கூட எடுத்துக் கொடுக்கும் என்று பெருமையாகச் சொன்னாள். அதுதான் எனக்குச் சரிப்படவில்லை. அந்த வீட்டிலிருந்து இறங்கப் பத்தாயிரம் படி. ஃபேராவின் அக்கா நெஸ்டா அந்தப் படிகளில் விழுந்து எழுந்து இறங்கப் பழகுவதை மாஸ் அழகாக எழுதியிருக்கிறார். கால் வலி தெரிகிறது, மூச்சு வாங்குவது தெரிகிறது. அந்தப் பத்தாயிரம் படியையும் பெருக்குவதற்குத்தான் யாரும் இல்லை. வீடே பார்த்துக்கொள்ளும். உழைக்கிறவர்களைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவது முதல் புத்தகம் என்றால், உழைக்கிறவர்களே வேண்டாம் என்று ஆக்குவது இந்தப் புத்தகம்.

டிராகன் சவாரிப் போர்க் கல்லூரிக் கதையான 'ஃபோர்த் விங்'கையும் அவளே கொடுத்தாள். 2023இல் உலகமே படித்தது. வேகமாகப் போகிறது. உடம்பு ஒத்துழைக்காத பெண் ஒருத்தி முரட்டுக் கல்லூரியில் பிழைத்துக்கிடப்பது மனசில் நிற்கிறது. காதல் வரும் பக்கங்களை நான் வேகமாகத் தள்ளினேன். டிராகன் தொழுவத்தைப் பற்றிக் கேட்கவே கூடாது என்று அவள் முன்கூட்டியே சத்தியம் வாங்கிக்கொண்டதால் இதோடு விடுகிறேன்.

நம்மூர்க் காதல் நாவல்களுக்கு வருவோம். நான் இணையத்தில் தொடராக வரும் கதைகளைத் தவறாமல் படிக்கிறவள். 'அடுத்த யூடி எப்போ', அதாவது அடுத்த அத்தியாயம் எப்போது, என்று கேட்டுக் காத்திருக்கிற கூட்டத்தில் நானும் உண்டு. வங்கியில், பள்ளிக்கூடத்தில், சமையலறையில் இருந்துகொண்டு ராத்திரி பத்து மணிக்குமேல் எழுதுகிற பெண்கள் இவர்கள். கட்டாயக் கல்யாணம், கான்ட்ராக்ட் கல்யாணம், ஆன்டி ஹீரோ என்று வகைக்கு வகை பேர் வைத்திருக்கிறார்கள். கையைப் பிடித்து முறுக்குகிற ஆன்டி ஹீரோ முப்பதாவது அத்தியாயத்தில் அழுதால் மன்னித்துவிடுகிற கதைகள் எனக்கு ஆகாது. மற்றபடி உரையாடலில் இவர்களுக்கு இருக்கிற காது அபாரமானது. மாமியார் பேசுகிற ஒரு வரி போதும், குடும்பமே கண்ணுக்குள் வந்துவிடும்.

சிக்கல் செட்டிநாட்டு வீடு வரும்போதுதான். சமீபத்தில் இந்தப் பின்னணியில் தொடர்ந்து பல கதைகள். எல்லாவற்றிலும் ஒரு 'ஜமீன்' பேரன், மீசை, ஜீப், தூணில் சாய்ந்து நிற்கிற நாயகி. இந்த வீடுகளில் பெரும்பாலானவை ஜமீன் வீடுகள் அல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்து, வட்டிக் கணக்கு எழுதிச் சம்பாதித்தவர்கள் கட்டியவை. இங்கே சாட்டையைவிடப் பேனாவுக்குத்தான் வேலை அதிகம். அந்தப் பேரன் குதிரையில் வராமல் பேரேட்டோடு வந்தால் கதையே வேறு மாதிரி சுவாரஸ்யமாகும்.

அதைவிட எனக்குக் குறை, எல்லாக் கதைகளிலும் மொத்தக் குடும்பமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. நகரத்தார் எனப்படுகிற இந்தச் செட்டியார் வீடுகளில் பழைய வழக்கம் அப்படி இல்லை. கல்யாணமான மகனை 'வேறு வைப்பார்கள்'. அதே வீட்டில்தான், வளவைச் சுற்றியிருக்கிற அறைகளில் ஒன்று அவனுக்கு. ஆனால் அடுப்பு தனி, செலவு தனி, கணக்கு தனி. ஒரே கூரையின் கீழ் மாமியார் அடுப்பு ஒன்று, மருமகள் அடுப்பு ஒன்று. ஒரு காதல் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? புதுசாகக் கல்யாணமான இருவர், தங்களுக்கென்று அளந்து கொடுத்த அரிசி பருப்பை வைத்துக்கொண்டு மாதத்தை ஓட்ட வேண்டும். பக்கத்து அறை ஓரகத்தி வீட்டில் என்ன குழம்பு என்பது வாசனையிலேயே தெரிந்துவிடும். நாயகி கடனாக ஓர் ஆழாக்கு எண்ணெய் கேட்கப் போகிற காட்சியை யாராவது எழுதினால் நான் யூடி யூடியாகக் காத்திருப்பேன். அதை விட்டுவிட்டு எல்லாரும் கந்தரப்பமும் நாட்டுக்கோழியும் பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள்.

பார்த்ததும் காதல் என்பதை நம்ப முடியவில்லை என்று இப்போது ஒரு வாதம் ஓடுகிறது, மெதுவாக மூளுகிற ஸ்லோ பர்ன் காதல்தான் உசத்தியாம். 1939இலிருந்து கம்பனுக்கு விழா எடுக்கிற காரைக்குடியில் இருந்துகொண்டு இதை என்னால் ஏற்க முடியாது. வால்மீகியில் இல்லாத ஒன்றைக் கம்பர் மிதிலையில் செய்தார்: வில் முறிவதற்கு முன்பே இருவரையும் பார்க்க வைத்தார். அவள் மாடத்தில், அவன் தெருவில். ஒரு பார்வைதான். ஆனால் அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க இருவரும் தனித்தனியாகத் தவிப்பதற்கு எத்தனை பாட்டு! வேகமா நிதானமா என்பது சந்திப்பில் இல்லை, அதன் பிறகு எழுதுகிறவருக்கு எவ்வளவு பொறுமை என்பதில் இருக்கிறது.

டாஃப்னி டு மோரியேயின் 'ரெபேக்கா'வைக் கல்லூரிக் காலத்தில் பேய்க்கதை மாதிரி படித்திருந்தேன். 1938இல் வந்த அந்த நாவலை இந்த முறை எடுத்தபோது ஒரே ஒரு காட்சியில் மாட்டிக்கொண்டேன். பெரிய மாளிகைக்கு இரண்டாந்தாரமாக வந்த பெண், பேர்கூடச் சொல்லப்படாதவள், காலை நேர அறையில் ஒரு பீங்கான் பொம்மையைக் கைதவறி உடைத்துவிடுகிறாள். வீட்டுக்கே எஜமானி. உடைத்ததைச் சொல்லப் பயந்து, துண்டுகளை மேஜை இழுப்பறைக்குள் ஒளிக்கிறாள். பழி ராபர்ட் என்ற வேலைக்காரப் பையன் மேல் விழுகிறது. அவன் அழாத குறை. அப்புறம்தான் இவள் கணவனிடம் உண்மையைச் சொல்கிறாள்.

விமர்சகர்கள் எல்லாரும் இதை அந்தப் பெண்ணின் தாழ்வுமனப்பான்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் ராபர்ட்டை யார் பார்த்தார்கள்? பெரிய வீட்டில் ஒரு சாமான் காணோம் என்றால் முதல் கேள்வி யாரிடம் கேட்கப்படும் என்று எங்கள் தெருவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அதனால்தான் அம்மா, வீடு திறந்ததும் முதல் நாளே, வந்திருக்கிற ஆச்சியை ஒவ்வோர் அறையாகக் கூட்டிப்போய், "இந்தா இருக்கு, இந்தா இருக்கு" என்று காட்டிவிடுவார். வெள்ளிக் குத்துவிளக்கிலிருந்து பீங்கான் ஜாடி வரைக்கும். நாவலின் கதாநாயகிக்காக உருகாமல் ராபர்ட்டுக்காகக் கொதித்துக்கொண்டே மீதியைப் படித்தேன். டேன்வர்ஸ் அம்மாள் என்கிற வீட்டு மேற்பார்வைக்காரி மேலும் இந்த முறை அவ்வளவு கோபம் வரவில்லை. அந்த வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அந்த அறிவை அவள் எதற்குப் பயன்படுத்துகிறாள் என்பது வேறு விஷயம்.

சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. 2020இல் வந்து, அடுத்த வருஷம் பெண்களுக்கான புனைவுப் பரிசு வாங்கியது. முடிச்சை அவிழ்த்துவிட்டால் படிக்கப்போகிறவர்களுக்குத் துரோகம். வெளியே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். முடிவே இல்லாத ஒரு வீடு. கூடம் கூடமாகப் போகிறது, எல்லாவற்றிலும் பளிங்குச் சிலைகள். கீழ்த்தளங்களில் கடல், மேல்தளங்களில் மேகம். அதில் ஒருவன் தனியாக இருக்கிறான். எந்த வாசல் வழியாக எப்போது அலை ஏறும் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறான். மீன் பிடிக்கிறான். கடல்பாசியைக் காயவைத்து அடுப்பெரிக்கிறான். குளிர்காலத்துக்கென்று சேர்த்து வைத்த பாசியை, கூடு கட்ட வந்த கடற்பறவைக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறான்.

இது மாய உலகம் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஆளில்லாத பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரின் நாட்குறிப்பு இது. அந்த வீட்டைக் காட்டி அதிகாரம் தேடுகிற இன்னொருவன் கதையில் இருக்கிறான். அவனுக்குக் கூடங்களின் எண்ணிக்கைகூடத் தெரியாது. நேரத்துக்கு வருவான், நேரத்துக்குப் போவான். வீடு யாருடையது என்று இந்த நாவல் வாய்விட்டுக் கேட்பதில்லை. படிக்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அங்கே எலும்புகள் இருக்கின்றன. எப்போதோ செத்தவர்கள், பேர் தெரியாதவர்கள். ஒருவருடைய எலும்பு பிஸ்கட் பெட்டியில் இருப்பதால் அவர் பிஸ்கட் பெட்டி மனிதர். கதைசொல்லி முறை வைத்து அவர்களிடம் போய்ச் சாப்பாடும் அல்லிப்பூவும் வைத்துப் பேசிவிட்டு வருகிறான். இந்தப் பகுதியைப் புரியாத சடங்கு என்று சிலர் எழுதியதைப் பார்த்தேன். படைப்பு பார்த்தவர்களுக்கு இதில் புரியாததற்கு ஒன்றுமில்லை. எந்தக் காலத்திலோ போய்ச் சேர்ந்த முன்னோருக்குச் சேலையும் வேட்டியும் வைத்து, இலை போட்டு, பங்காளிகள் கூடிப் படைக்கிறார்களே, அதன் அன்பு இதேதான். இறந்தவரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அவருக்குச் செய்ய வேண்டிய முறை தவறாமல் நடந்தால் போதும். இந்த வருஷம் படித்ததில் என்னை அழவைத்த ஒரே புத்தகம். காதல் என்று ஒரு வரி கிடையாது.

நவோமி நோவிக்கின் 'அப்ரூட்டட்' பற்றி ஒரே வார்த்தை: பத்து வருஷத்துக்கு ஒருமுறை மந்திரவாதி ஒரு பெண்ணைத் தன் கோபுரத்துக்குக் கூட்டிப்போகிறான் என்கிற தொடக்கம் பிரமாதம், எப்போதும் பாவாடையில் சேறு ஒட்டிக்கொண்டிருக்கிற நாயகி அதைவிடப் பிரமாதம், அந்தக் கோபக்கார மந்திரவாதியோடு அவளைச் சேர்த்ததுதான் தேவையில்லை.

ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' கடைசியாக. எல்லாரும் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' பக்கம்தான் நிற்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கான ஆஸ்டின் இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். அவர் 1817 ஜூலையில் இறந்தார், அந்த டிசம்பரில் இது வந்தது.

முதல் காரணம், கதை தொடங்குவதே ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு விடுவதில். சர் வால்டர் எலியட் கடனில் மூழ்கிவிட்டார். வீட்டைப் பராமரிக்கக் கட்டுபடியாகவில்லை. ஆனால் விடமாட்டேன் என்கிற வீம்பு, வருகிறவன் என் தோட்டத்துச் செடிகள் பக்கம் நடக்கலாமா என்ற கவலை. படப்பிடிப்புக்கு வீடு கேட்டு வருகிறவர்களிடம் இங்கே பேசுவதை அப்படியே எழுதியதுபோல இருக்கிறது. மாடிக்குப் போகக் கூடாது, சாமி வீட்டுப் பக்கம் செருப்போடு நடக்கக் கூடாது, தூணில் ஆணி அடிக்கக் கூடாது. கடைசியில் வாடகைத் தொகை சொன்னதும் எல்லாம் சரியாகிவிடும்.

இரண்டாவது, பிரிவு. சர் வால்டரின் மகள் ஆன், காசில்லாத கடற்படைக்காரன் வென்ட்வொர்த்தைப் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு வேண்டாம் என்றுவிட்டாள். எட்டு வருஷம் கழித்து அவன் கப்பல் பிடித்த பரிசுப் பணம் 25,000 பவுண்டோடு திரும்பி வருகிறான். இங்கே பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருஷக் கணக்குக்கு, அதாவது மூன்று வருஷத் தவணை வேலைக்கு, போனவர்களின் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாவலில் கிராஃப்ட் என்கிற தளபதியின் மனைவி வருகிறாள். கணவனோடு கப்பலிலேயே கடல்களைச் சுற்றியவள். தான் நிஜமாகத் துன்பப்பட்டது, அவர் வடகடலில் இருந்தபோது தான் மட்டும் டீல் என்ற ஊரில் தனியாகக் கழித்த ஒரு குளிர்காலம்தான் என்கிறாள். ஒரு குளிர்காலம்! கல்யாணமான சூட்டில் மாப்பிள்ளை கப்பலேறிவிட, அடுத்தடுத்த கணக்குகளுக்கு இடையில் பிள்ளை பெற்று வளர்த்த அப்பத்தாக்கள் இங்கே எத்தனை பேர். அவர்களை அழைத்துப்போகிற வழக்கம் அப்போது அநேகமாக இல்லை. கிராஃப்ட் அம்மாளின் அந்த ஒற்றை வாக்கியத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

மூன்றாவது காரணம்தான் என் அளவுகோலுக்கு வருகிறது. அந்தக் கிராஃப்ட் தம்பதிதான் எலியட் வீட்டுக்கு வாடகைக்கு வருகிறார்கள். வந்த கொஞ்ச நாளில் தளபதி ஆனிடம் கூச்சத்தோடு சொல்கிறார்: பெரிசாக ஒன்றையும் மாற்றவில்லை, உங்கள் அப்பா அறையிலிருந்த பெரிய பெரிய நிலைக்கண்ணாடிகளை மட்டும் எடுத்துவிட்டேன், எங்கே திரும்பினாலும் என் முகமே தெரிகிறது. அப்புறம், துணி துவைக்கிற அறைக் கதவைச் சரிசெய்தோம், இத்தனை நாள் அந்தக் கதவு திறக்கிற அழகோடு ஒரு குடும்பம் எப்படிக் காலம் தள்ளியது என்றே ஆச்சரியமாக இருக்கிறது என்கிறார். வீடு நம்மைவிட நல்ல கைக்குத்தான் போயிருக்கிறது என்று ஆன் மனசுக்குள் ஒத்துக்கொள்கிறாள். அவளுக்கு அது வலிக்கவும் செய்கிறது.

ஒரு நாவலின் குணத்தை ஒரு கதவில் சொல்லிவிட முடியும் என்று இதைப் படித்தபோது தெரிந்தது. கண்ணாடி முகப்பில் இருப்பது, கதவு பின்கட்டில் இருப்பது. சர் வால்டர் எதைத் தினமும் பார்த்தார், எதை ஒருநாளும் தொடவில்லை என்பது இந்த இரண்டில் வந்துவிட்டது.

இந்தக் கதையை மட்டும் அம்மாவிடம் முழுசாகச் சொன்னேன். கதவு வந்ததும் நிறுத்தச் சொன்னார். "அந்தப் பெரிய மனுசரு அந்தக் கதவைத் தள்ளியே பாத்திருக்க மாட்டாரு. தெனமும் தள்ளுனவுகளைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பாக" என்றார். அப்புறம், "அந்தப் பையன் திரும்பி வந்தானே, ரெண்டு பேரும் சேந்தாகளா?" என்று கேட்டார். சேர்ந்தார்கள் என்றேன்.

"அப்ப அந்த வீட்டை மீட்டுட்டாகளா?"

"இல்லம்மா. அவளுக்குக் கடைசியில பெரிய வீடே கிடையாது. அவ தங்கச்சிக்கு அதுல ஒரு சந்தோஷம்கூட. அழகா ஒரு குதிரை வண்டி மட்டும் இருக்கு."

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"நல்லதுதான். வண்டின்னா ரெண்டு வாளித் தண்ணியில கழுவிப்புடலாம்."